பிற்பகல் ரிலீவ்

1958-ஆம் வருஷம் ஜூலை பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தேகால் மணிக்கு நான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஊர் திரும்பினேன். தங்கை மகளுக்குக் காது குத்து என்று செவ்வாயிலிருந்து நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். உக்கடத்தில் பெரிய குளத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் லைன் வீடு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த மாதத்தில் சும்மா இருக்காது. குளத்துத் தண்ணீரைக் கரையில் தூக்கி அடிக்கும். கொடியில் காய்கிற வேட்டியை உருவிக்கொண்டு போய் நாலாவது வீட்டு முருங்கையில் மாட்டும். அன்றைக்குச் சாரலும் சேர்ந்துகொண்டது. குடையை விரித்தால் குடை போய்விடும் என்று மடக்கிய குடையோடு நனைந்துகொண்டே வந்தேன்.

என் வீட்டு ஜன்னல் மேடையில் ஒரு ஊறுகாய் ஜாடி இருந்தது. எங்கள் ஜாடி இல்லை.

"இது யாருது?" என்றேன், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

என் வீட்டுக்காரி அம்புஜம் துண்டை எடுத்துக் கொடுத்தாள். "ஜெபராணி குடுத்தா. ரயில்ல ஜாடி ஒடைஞ்சு போயிருமாம். நாமளாச்சும் உண்ணட்டும்னு குடுத்துட்டா."

"ரயில்லயா? எங்க போறாங்க?"

"ஈரோட்டுக்கு, அவ பொறந்த ஊட்டுக்கு. தேவதாஸ் தம்பியைக் காலேஜுல போகச் சொல்லிப்போட்டாங்களாமா. நீங்களும் அங்கதானே குப்பை கொட்டறீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. துண்டைத் தலையில் போட்டபடியே அடுத்த வீட்டுக்குப் போனேன்.

தேவதாசைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். காரமடைக்காரர், வயது இருபத்தெட்டு. அவருடைய அப்பா இங்கே ஒரு மில்லில் ரிங் பிரேம் என்கிற நூல் நூற்கும் மெஷினை ஓட்டியவர். மகனை பி.எஸ்ஸி. படிக்கவைத்தார். எங்கள் கல்லூரியை நடத்துவது அதே மில்லின் முதலாளி குடும்பம்தான். பெயர் வேண்டாம். தேவதாஸ் அங்கே கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர். நான் அதே மில்லில் டைம் ஆபீசில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, கல்லூரி ஆபீசில் கிளார்க்காக வந்தவன். என் பெயர் வெங்கடபதி. நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே சுவரின் இரண்டு பக்கம் குடியிருந்தோம். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடி ஜெபம் செய்தால் எங்கள் வீட்டுப் பெருமாள் படம் லேசாக ஆடும்.

அந்த டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு மூன்று வருஷத்தில் அவர் நாலாவது ஆள். முதல் ஆள் ரயில்வேக்குப் போனார், அடுத்தவர் சர்க்கரை ஆலைக்கு. மூன்றாமவர் எங்கே போனார் என்றுகூடத் தெரியாது. போனால் போதும் என்று போனார். வேலை கஷ்டமானதில்லை. பையன்களுக்கு ஒரு உப்பைக் கொடுத்து, அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் நிற்க வேண்டும். லேபில் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. மூலையில் கிப்ஸ் அப்பரேட்டஸ் என்று மூன்று குண்டு கண்ணாடி ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். அதைத் திறந்தால் கூடை நிறைய முட்டை அழுகின மாதிரி ஒரு நாற்றம் வந்து சட்டையில் உட்கார்ந்துகொள்ளும், சோப்புப் போட்டாலும் போகாது. ஆசிட் வெளியே இருக்கிற வரைக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர் லேபை விட்டு நகரக் கூடாது என்று முதல்வர் உத்தரவு. முதல் பேட்ச் ஒன்றேமுக்காலுக்கு முடியும். இரண்டாவது பேட்ச் இரண்டு மணிக்கு வரும். நடுவில் இருக்கிற கால் மணி நேரத்தில் ஆசிட் பாட்டில்களை நிரப்ப வேண்டும்.

ஆக, காலையில் அவர் மனைவி ஜெபராணி கொடுத்தனுப்புகிற தூக்குப்போசி சாயங்காலம் பொழுதோடு அப்படியே திரும்பி வரும். அரிசியும் பருப்பும் சோறு கெட்டு நூல் விட்டிருக்கும். ஜூன் மாதக் கடைசியில் ஒருநாள் தேவதாஸ் வாஷ் பேசினைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வயிற்றில் புண் என்றார் டாக்டர். மருந்தைவிட வேளைக்குச் சோறுதான் முக்கியம் என்று சொல்லி அனுப்பினார். ஜெபராணி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

நான் உள்ளே போனபோது அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கண்ணாடி டம்ளர்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். கட்டிலுக்குக் கயிறு கட்டியாகிவிட்டது. தேவதாஸ் சாக்குக்குள் அம்மிக்குழவியை இறக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா. காது குத்தெல்லாம் நல்லா நடந்துச்சுங்களா?" என்றார். வீடு பற்றி எரிந்தாலும் எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

"காது குத்து கெடக்கட்டும். இதென்ன தம்பி?"

"போகச் சொல்லிட்டாங்கண்ணா. திங்கக்கெழமையோட சரி."

"யாரு சொன்னது?"

"பிரின்சிபால்தானுங்க. இன்னைக்கு நாலு மணிக்குக் கூப்புட்டாருங்க. 'உங்க லெட்டர் பார்த்தேன், கையெழுத்துப் போட்டுட்டேன்'னாரு. எனக்கு ஒரே சந்தோசமுங்க. 'ரொம்ப நன்றிங்க சார்'னு கும்புட்டுட்டு வெளிய வந்து கவரைப் பிரிச்சனுங்க."

"வந்து?"

"அரை மணி நேரங் கேட்டதுக்கு ஒரேயடியா அனுப்பிப்போட்டாருங்கண்ணா."

ஜெபராணி டம்ளரைக் கீழே வைத்தாள். "அண்ணா, நீங்களே சொல்லுங்க. சோறு உண்ண நேரங் கேட்டது ஒரு குத்தமுங்களா? அங்க இருக்கறவங்க யாரும் சோறு உண்றதில்லீங்களா? நாந்தானுங்க, லெட்டர் குடுங்க, லெட்டர் குடுங்கன்னு இவரை அரிச்சேன். வாயை மூடிட்டு இருந்திருந்தா வேலையாச்சும் இருந்திருக்கும்."

"நீ ஏன் உன்னைச் சொல்லிக்கிற?" என்றார் தேவதாஸ்.

"பின்ன, குழவியையா சொல்றது?"

"நீங்க திரும்பப் போயி ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்களா தம்பி?"

"எப்படிங்கண்ணா கேக்கறது? அவங்களா வேண்டாம்னு கையெழுத்துப் போட்ட பொறகு, ஏன் வேண்டாம்னு நிக்கறது மரியாதை இல்லீங்களே."

உத்தரவை வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'திரு. தேவதாஸ், டெமான்ஸ்ட்ரேட்டர், அவர் கேட்டுக்கொண்டபடி, 14-7-58 பிற்பகல் ரிலீவ் செய்யப்படுகிறார்.'

கேட்டுக்கொண்டபடி. அந்த வார்த்தையில் என் கண் நின்றது. உத்தரவுகளை எழுதியும் படித்தும் பழகியவன் நான். கேட்காதவருக்கு அந்த வார்த்தையைப் போட மாட்டார்கள்.

"சித்த இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன்.

யாருக்கு எந்தக் கடிதம் எழுதிக் கொடுத்தாலும் ஒரு நகல் எழுதிவைத்துக்கொள்வது என் வழக்கம். போர்டு ஸ்கூலில் எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் வைத்த பழக்கம். ஜூலை ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தேவதாசுக்காக நான் எழுதிய கடிதம் நோட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. அதையும் தமிழிலேயே தருகிறேன்:

'உடல்நலக் குறைவினாலும் லேபில் தொடர்ந்து நிற்க இயலாமையினாலும், 14-7-58 பிற்பகல் முதல் என்னை ரிலீவ் செய்யுமாறு மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

இரண்டு தடவை படித்தேன்.

மில்லில் ரிலீவ் என்றால் என்ன என்று கோயமுத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ரிங் பிரேமில் நிற்கிற ஆள் டீ குடிக்கவோ பொடக்காணிப் பக்கம் ஒதுங்கவோ போகும்போது, அந்தப் பத்து நிமிஷத்துக்கு வேறொருவர் வந்து அவரிடத்தில் நிற்பார். அவர்தான் ரிலீவர். 'எனக்கு ரிலீவ் வரலை' என்றால் இன்னும் டீ குடிக்கவில்லை என்று அர்த்தம். ஏழு வருஷம் டைம் ஆபீசில் உட்கார்ந்து ரிலீவர் பட்டியல் எழுதியவன் நான். தேவதாஸ் அப்பாவின் சாப்பாட்டு நேரத்தை ரிலீவரை வைத்துத் தெரிந்துகொண்டு வளர்ந்தவர். எழுதினபோது எனக்கு அது உறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டபோது அவருக்கும் உறைக்கவில்லை.

ஆனால் முதல்வர் கோபாலசாமி சென்னையில் இருபத்தெட்டு வருஷம் சர்க்கார் காலேஜில் இருந்துவிட்டு வந்தவர். சர்க்காரில் 'இன்ன தேதி பிற்பகல் ரிலீவ்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம். மூட்டை கட்டிக்கொண்டு போவது.

"அம்புஜம்" என்றேன்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

சொன்னேன். அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அடப் பெருமாளே. உங்க இங்கிலீசு ஒரு குடும்பத்தையே கௌப்பிப்போட்டுதே."

"இப்ப நான் என்ன பண்றது?"

"என்ன பண்றதா? மொதல்ல போயி அந்தச் சாக்கை அவுக்கச் சொல்லுங்க."

நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போய், விளக்கு ஏற்றின வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டினேன். தேவதாசுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலிக்கும் என்று பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நானும் போயி நன்றி சொன்னனுங்களே!"

ஜெபராணி சிரிக்கவில்லை. "அண்ணா, நீங்க எழுதுனது தப்புன்னா, அவரு போட்ட கையெழுத்து?"

"அதுதான் அம்மணி. கையெழுத்துக் கையெழுத்துதான். பிரின்சிபால் மனசு வெச்சாத்தான்."

"வெக்கலீன்னா?"

"நாளைக்குக் காலைல தம்பியும் நானும் போறோம். கட்டில் கயித்தை அவுக்க வேண்டாம். டம்ளரை மட்டும் பேப்பர்லயிருந்து எடுத்து வெச்சுக்கங்க" என்றேன். பாதி நம்பிக்கைக்கு அதுதான் சரியான அளவு என்று அப்போது எனக்குத் தோன்றியது.

"வேண்டாங்கண்ணா, உங்க பேர் கெட்டுப்போகும்" என்றார் தேவதாஸ்.

"கெடட்டும்" என்றாள் ஜெபராணி. உடனே என்னைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை எட்டரைக்கே ஆபீசுக்குப் போய்விட்டேன். முதல்வர் பத்து மணிக்குத்தான் வருவார். அதற்குள் ஒரு காரியம் செய்தேன். அந்த வேலையில் முன்பு இருந்த மூன்று பேருடைய பைல்களையும் எடுத்து, தேதிவாரியாகப் புரட்டிப் பார்த்தேன். ஏதோ ஒரு நடைமுறை கிடைக்கும், போட்ட உத்தரவை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியும், அதற்காகத்தான் எடுத்தேன். கிடைத்தது வேறு.

பத்தேகாலுக்கு முதல்வர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். மூடின கழுத்துக் கோட்டுப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே நாற்காலியில், சனிக்கிழமை தவறாமல் வருகிற கரஸ்பாண்டென்ட் கோவிந்தராஜுலு உட்கார்ந்திருந்தார். மில் முதலாளி. கதர்ச் சட்டை, கையில் வெற்றிலைப் பெட்டி. எனக்குக் கால் கொஞ்சம் பின்னால் போனது. தேவதாஸ் பின்னால் நின்றதால் முழுக்கப் போக முடியவில்லை.

"என்ன வெங்கடபதி?" என்றார் முதல்வர்.

"சார், தேவதாஸ் சார் லெட்டர் விஷயமா. அதுல ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. தப்பு என்னுதுங்க."

சொன்னேன். நோட்டையும் காட்டினேன். முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரிலீவ் என்றால் ரிலீவ்தான். அகராதியில் எடுத்துப் பாருங்கள். சாப்பாட்டுக்கு நேரம் வேண்டும் என்றால் சாப்பாட்டுக்கு நேரம் வேண்டும் என்று எழுத வேண்டியதுதானே?"

"எழுதியிருக்கோணுங்க சார்."

"நான் கையெழுத்துப் போட்டாச்சு என்று சொன்னதும் இவர் சிரித்துக்கொண்டே நன்றி என்றார். உங்களுக்குத் தெரியுமா? நாலாவது ஆள். போகிறவன் சந்தோஷமாக வேறு போகிறான் என்று நேற்று எனக்கு மனசே விட்டுப்போச்சு." அவர் தேவதாசைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "யுனிவர்சிட்டிக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் வருகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் கெமிஸ்ட்ரியில் ஒரு புது முகத்தைக் காட்டுகிறேன். போன தடவை ஒருத்தர் கேட்டார், இங்கே ஆட்களை வாடகைக்கு எடுக்கிறீர்களா என்று."

கோவிந்தராஜுலு என் நோட்டைக் கேட்டு வாங்கினார். உதட்டை அசைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார். முடித்ததும் அவர் தோள் குலுங்கியது.

"ஏனுங்க பிரின்சிபால் சார், இதுல என்ன சந்தேகமுங்க? ரிலீவ் கேட்டிருக்காரு. மத்தியானத்துக்கு ஆளு விடுங்கன்னு கேட்டிருக்காரு. நம்ம ரிங் டிபார்ட்மென்டுல தெனமும் இருவது பேரு கேக்கறாங்க." தேவதாஸ் பக்கம் திரும்பினார். "நீ யாரு பையன் கண்ணு?"

"ரிங்கு ஏசுவடியான் பையனுங்க ஐயா."

"ஏசுவடியானா! ரிலீவர் ரெண்டு நிமிசம் தாமசமாச்சுன்னா என் ரூம் வரைக்கும் வந்து சத்தம் போட்டவராச்சே. அவரு பையனா இப்படி வாயே இல்லாம நிக்கறே?"

தேவதாஸ் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

"சரி, தப்பு தப்பாகவே இருக்கட்டும்" என்றார் முதல்வர். "ஆனால் இன்றைக்கு இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதத்தில் இவரும் போகத்தான் போகிறார். போகிறவர்களை நான் எப்படி நிறுத்துவது? நான் அடிக்கிறேனா, திட்டுகிறேனா?"

அப்போதுதான் கொண்டுபோன மூன்று பைல்களையும் மேஜைமேல் வைத்தேன். இதைச் செய்வதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்திருந்தேன். செய்யும்போது யோசிக்கவில்லை.

"சார், போன மூணு பேரும் ரெண்டு ரெண்டு லெட்டர் குடுத்திருக்காங்க. மொதல் ஆளு 5-9-55ல, லேபு ஜன்னலைத் தொறந்துவிடோணும்னு கேட்டிருக்காரு. 9-1-56ல ராஜினாமா. அடுத்த ஆளு, ஒரு ஸ்டூல் வேணும்னு 6-8-56ல. நாலாம் மாசம் ராஜினாமா. மூணாமவரு, அந்தக் கேஸ் வர்ற கண்ணாடியை வெளிய இருக்கற ஷெட்டுல வெக்கலாமான்னு கேட்டிருக்காரு. அவரு மூணே மாசம். மொதல் லெட்டர் மூணுலயும் நீங்க செவப்புப் பென்சில்ல 'பார்த்தேன்'னு எழுதியிருக்கீங்க. ரெண்டாவது லெட்டர் மூணுலயும் 'ஏற்றுக்கொண்டேன்'னு."

முதல்வர் பைலைத் திறந்தார். சிவப்புப் பென்சிலில் அவருடைய எழுத்து சாய்வாக அழகாக இருந்தது.

"தேவதாஸ் சார் குடுத்தது மொதல் லெட்டருங்க" என்றேன். "ரெண்டாவது லெட்டர் அவரு இன்னும் எழுதலீங்க."

காற்றில் மேஜைமேலிருந்த காகிதங்கள் ஓரம் தூக்கின. கோவிந்தராஜுலு அவற்றின்மேல் வெற்றிலைப் பெட்டியை வைத்தார். முதல்வர் ஆறு கடிதங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் மூன்றாம் பைலை மூடி, சிவப்புப் பென்சிலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார்.

"ஆர்டரைக் கேன்சல் செய்கிறேன்" என்றார்.

"அது எதுக்குங்க?" என்றார் கோவிந்தராஜுலு. "பதிமூணு வார்த்தை டைப் அடிச்சிருக்கீங்க, அதை ஏன் கெடுக்கோணும்? கடைசில 'அரை மணி நேரம்'னு சேர்த்துப்போடுங்க. சரியாப் போச்சு."

முதல்வர் முகத்தில் சிரிப்பு வருகிற மாதிரி வந்து நின்றது. "யார் ரிலீவ் செய்வது? அந்த நேரத்துக்குக் கெமிஸ்ட்ரியில் வேறு ஆள் கிடையாதே."

"நீங்க என்ன சப்ஜெக்டுங்க?"

முதல்வர் கோட்டுப் பொத்தானைத் தடவினார். "கெமிஸ்ட்ரி" என்றார்.

"எங்க மில்லுல ரிலீவர் வரலைன்னா மேஸ்திரியே பிரேமுல நிப்பாரு. ஆளு ஏற்பாடு பண்ற வரைக்கும்."

"நின்று பதினாறு வருஷம் ஆகிறது."

"நிக்கறதுக்கு என்னங்க மறந்து போறது?"

திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு நான் ஆபீசில் இருக்கவேண்டியவன். லெட்ஜர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு லேப் பக்கம் போனேன். லேப் அட்டெண்டர் பஷீர் வாசலிலேயே நின்றிருந்தார். தாடி நரைத்த மனுஷர், அந்த நாற்றத்தில் பத்து வருஷம் இருந்து மூக்கே போய்விட்டது என்று அவரே சொல்லுவார்.

"கிளார்க் சார், பெரியவர் வந்திருக்காருங்க" என்று காதோடு சொன்னார். "கோட்டோட."

கோட்டோடு நின்றார். முப்பது பையன்கள் டெஸ்ட் டியூபைப் பிடித்துக்கொண்டு, யாரும் யாரையும் பார்க்காமல் வேலை செய்தார்கள். தேவதாஸ் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்க சார்" என்றார். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

தேவதாஸ் பேலன்ஸ் ரூமுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து போசியைத் திறந்தார். அரிசியும் பருப்பும் சோறு, மேலே நல்லெண்ணெய், ஓரத்தில் தயிர். சூடு போயிருக்கும், ஆனால் கெடவில்லை. அவர் அவசரமில்லாமல் பிசைந்து, அவசரமில்லாமல் உண்டதை நான் தள்ளி நின்று பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த ஒரு வருஷத்தில் அவர் அந்த வளாகத்துக்குள் உண்டு நான் பார்த்தது அன்றுதான்.

நான் லேபுக்குத் திரும்பி வந்தபோது பையன்கள் கிப்ஸ் அப்பரேட்டஸைத் திறந்திருந்தார்கள். முதல்வரின் கண் சிவந்து தண்ணீர் வழிந்தது. கர்சீப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார். கோட்டுப் பொத்தான்கள் மூன்று கழன்றிருந்தன. மேஜை விளிம்பில் ஒரு கையை ஊன்றி, கால் மாற்றி நின்றார்.

"பஷீர், அந்த ஜன்னலை ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள்?"

"ஆணி அடிச்சிருக்குதுங்க சார். ஏழு வருஷத்துக்கு முன்னால ஒரு தராசு களவு போச்சுங்க. அப்ப அடிச்சது."

"அந்தத் தராசு கிடைத்ததா?"

"மறுநாளே கெடைச்சுதுங்க. பிசிக்ஸ்காரங்க எடுத்துட்டுப் போயிருந்தாங்க."

"பிறகு ஆணி?"

"ஆணியைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலீங்களே."

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் லெட்ஜரைப் பார்த்தேன். 5-9-55 தேதியிட்ட கடிதம் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது.

"ஒரு ஆணிப்புடுங்கி கொண்டுவாருங்கள்" என்றார்.

பஷீர் கொண்டுவந்தார். துருப்பிடித்த ஆறு ஆணி. ஆறாவது ஆணி வந்ததும் ஜன்னல் கதவு தானாகவே படீரென்று திறந்துகொண்டது. ஏழு வருஷமாக வெளியே நின்றிருந்த காற்று ஒட்டுக்கா உள்ளே வந்தது. பர்னர் எல்லாம் அணைந்தது. ஃபில்டர் பேப்பர்கள் கொக்குக் கூட்டம் மாதிரி எழும்பி அறை முழுக்கப் பறந்தன. ஒரு பேப்பர் முதல்வர் தலையில் போய் உட்கார்ந்தது. ஒரு பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் வாயைப் பொத்துவதற்குள் முதல்வரே சிரித்துவிட்டார்.

"வந்துட்டனுங்க சார்" என்றார் தேவதாஸ் வாசலில். மணி ஒன்று இருபத்தைந்து.

"இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறதே."

"போதுமுங்க சார். வயிறு நெறைஞ்சு போச்சுங்க."

முதல்வர் அந்த ஐந்து நிமிஷமும் ஜன்னல் பக்கம் நின்றுவிட்டுத்தான் போனார். போகும்போது, "உட்கார என்ன இருக்கிறது இங்கே?" என்று சுற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மறுநாள் பிசிக்ஸ் லேபிலிருந்து ஒரு ஸ்டூல் வந்தது. அந்தத் தராசு விவகாரத்துக்கு அது அபராதம் என்று பஷீர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் ஒரு ரிலீவர் வந்து சேர்ந்தார். அவருக்குக் கல்லூரி வைத்த பதவிப் பெயர் வேறு, ஆனால் லேபில் எல்லோரும் ரிலீவர் என்றே கூப்பிட்டார்கள். அதுவரை வாரத்தில் நான்கு நாள் முதல்வர்தான் வந்து நின்றார். இரண்டாம் வாரத்திலிருந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நின்றார்.

திங்கட்கிழமை பொழுதோடு நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது கட்டில் கயிறு அவிழ்ந்திருந்தது. தேவதாஸ் வாசலிலேயே தூக்குப்போசியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு பருக்கை விழவில்லை. ஜெபராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு நிமிஷம் கழித்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அந்த ஜாடி..."

அம்புஜம் ஜாடியை எடுத்து வந்தாள். மூன்றே நாளில் அது பாதிக்கு இறங்கியிருந்தது. "நல்லா இருந்துச்சு கண்ணு" என்றாள், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"இருக்கட்டுங்கக்கா. பாதி ஜாடி, பாதி வேலையைவிட மேலுங்க."

"வேலை முழுசாத்தானே இருக்குது!"

"அப்ப ஜாடியும் முழுசா வேணுமுங்க" என்றாள் ஜெபராணி. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

விளக்கு வைத்த பிறகு தேவதாஸ் ஒரு காகிதத்தோடு வந்தார். "அண்ணா, பிரின்சிபாலுக்கு ஒரு நன்றி லெட்டர். நானே எழுதுனேன். தப்பு இருந்தாத் திருத்திக் குடுங்க."

வாங்கிப் பார்த்தேன். இங்கிலீஷ் நன்றாகவே எழுதியிருந்தார். இரண்டாவது வரி: 'தாங்கள் 14-7-58 பிற்பகல் என்னை அன்புடன் ரிலீவ் செய்தமைக்கு...'

காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"என்னங்க எழுதியிருக்காரு?" என்றாள் வாசலில் நின்ற ஜெபராணி.

சொன்னேன். அவள் உள்ளே வந்து அந்தக் காகிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

"லெட்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு அவரு ரூமுக்குப் போயி, வாயைத் தொறந்து, ரொம்ப உபகாரமுங்கன்னு சொல்லிப்போட்டு வாங்க."

"ஆகட்டும்" என்றார் தேவதாஸ்.

என் நோட்டில் கிழிந்துபோன அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் நகல் இல்லை.